பழனி மலையும் பணிவிடையும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் பழனி மலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில் பழனியும், தெற்கு அடிவாரத்தில் பெரியகுளமும், மேலே ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கோடைக்கானலும் இருக்கின்றன. கடவுளை நம்பி வந்தவர்களால் நிறைந்த வட்டாரம் இது. அப்படி வந்தவர்களைக் கவனிக்க யாரோ ஒருவர் வேண்டியிருந்தது. சோறு போட, புண்ணுக்கு மருந்து வைக்க, பிரசவம் பார்க்க, இறந்தவரை அடக்கம் செய்ய ஆள் வேண்டும். இந்த வேலைகளைச் செய்யப் பக்தி தூண்டியது. ஆனால் எப்படிச் செய்வது என்பதைத் தனியே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பழனி மலையைச் சுற்றிய ஊர்களில் அந்தக் கல்வி இந்து, கிறிஸ்தவம் என்ற இரு வழியிலும் நடந்தது.

பழனியில் கடவுளுக்கும் மருந்துக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம். மூலவரைச் சித்தர் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது மரபு. நவபாஷாணமே ஒரு மருந்துச் சேர்க்கையின் பெயர். இரவில் மூலவர் திருமேனியில் சாத்தி மறுநாள் காலையில் எடுக்கும் ராக்காலச் சந்தனத்தையும் கௌபீனத் தீர்த்தத்தையும் நோய்க்கு மருந்தாக வாங்கிச் செல்வோர் இன்றும் உண்டு. சித்த வைத்தியம் படித்தவர்கள் பழனியைத் தங்கள் ஊராகவே கருதி வந்ததற்கும் இதுவே காரணம்.

பழனிக்குப் பெரும் கூட்டம் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வரும். நகரத்தார் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு நடந்து வருகிறார்கள். இந்த நடைக்கு 400 ஆண்டுப் பழமை உண்டு என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. எடப்பாடியிலிருந்து வரும் பருவதராஜகுலத்தார் மலைமேல் தாங்களே பஞ்சாமிர்தம் தயாரித்து, இரவில் அங்கேயே தங்கும் உரிமையையும் பெற்றிருக்கிறார்கள். பல நாள் நடையில் முருகன் துணை என்று கிளம்பினாலும் கால் கொப்புளிக்கும், வயிறு கெடும், வெயில் தலையைச் சுற்ற வைக்கும். எனவே வழியெங்கும் சத்திரங்களும் மடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் எழுந்தன. வணிகர்கள் லாபத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி அவற்றை நடத்தினார்கள். இந்த ஏற்பாட்டில் கவனிக்கத்தக்கது, உபசரிப்பவரும் அதே பாதையில் பலமுறை நடந்தவராக இருந்ததுதான். கொப்புளத்தில் ஊசியால் நூலைக் கோத்து நீரை மெல்ல வடியவிடுவதும், எண்ணெய் தடவித் துணி சுற்றுவதும், நடையை இரவிலும் விடியற்காலையிலும் வைத்துக்கொள்வதும் புத்தகத்தில் எழுதப்படாத கைவைத்தியம். மூத்தவர் செய்ததைப் பார்த்து இளையவர் கற்றுக்கொண்டார்கள்.

வீடுகளில் அம்மை கண்டபோது நடந்த பணிவிடை இதைவிடக் கட்டுப்பாடானது. அம்மை மாரியம்மனின் வருகை என்பதால் நோயாளியிடம் குரல் உயர்த்தக்கூடாது. வாசலில் வேப்பிலை செருகினால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டில் தாளிப்பு இல்லை, மாமிசம் இல்லை. வேப்பிலையை விரித்துப் படுக்க வைத்து, வேப்பங்கொழுந்தால் தடவி, இளநீரும் கூழும் கொடுத்து, நோய் இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் விரதம் முடியும். இந்த விதிகளில் நோயாளியைத் தனிமைப்படுத்துவதும் ஓய்வும் நீராகாரமும் அடங்கியிருந்தன. கிருமியைப் பற்றிய அறிவு இல்லாத காலத்துக்கு இது மோசமான ஏற்பாடு அல்ல. அரசின் அம்மைப்பால் குத்துபவர் வந்தபோது மக்கள் ஓடி ஒளிந்ததற்கும் இதே நம்பிக்கைதான் காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வாந்திபேதிக்கு இப்படி ஒரு வழக்கம் பலன் தரவில்லை. அது திருவிழாக் கூட்டத்தோடு வந்து ஒரே இரவில் ஆளைக் கொண்டுபோனது. நோய் குடிநீரால் பரவுகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்னோ 1854இல் காட்டும்வரை உலகில் எங்குமே அதற்குச் சரியான விளக்கம் இல்லை.

மலைக்குள் வாழ்ந்த பளியரும் புலையரும் குன்னுவரும் கீழே இருந்தவர்களிடமிருந்து விலகியே இருந்தார்கள். பளியரிடம் நோய் கண்டால் சாமி இறங்கியவரிடம் காரணம் கேட்பதும், காட்டு மூலிகையால் வைத்தியம் பார்ப்பதும் சேர்ந்தே நடந்தன. அவர்கள் தெய்வம் பளிச்சி அம்மன். கோடைக்கானலுக்கு அருகிலுள்ள செண்பகனூரில் இருந்த இயேசு சபைக் குரு எஃப். தாமென் 1908இல் பளியரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மேல்மலைப் பூம்பாறையில் குன்னுவர்கள் கும்பிடும் குழந்தை வேலப்பரையும் போகர் நிறுவியதாகவே சொல்கிறார்கள். ஆனாலும் பழனி முருகனுக்கு மலையின் விருப்பாச்சி வாழைப்பழம் பஞ்சாமிர்தமாகப் போய்ச் சேர்வதால் மலைக்கும் கோவிலுக்கும் இடையே கொடுக்கல் வாங்கலும் இருந்து வந்தது.

வெளிநாட்டவரில் இந்த மலையை முதலில் அளந்தவர் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு. 1821இல் அவர் ஏறிப் பார்த்தார். 1834இல் மதுரைச் சப்-கலெக்டர் ரவ்டனும் சி. ஆர். காட்டனும் செண்பகனூருக்கு மேலே ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். அதே 1834இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். லெவி ஸ்பால்டிங் வழி பார்த்துவிட்டுத் திரும்ப, ஹென்றி ஹாய்சிங்டனும் வில்லியம் டாடும் மதுரையில் தங்கி மிஷனைத் தொடங்கினார்கள். தமிழ் தெரிந்த யாழ்ப்பாண உதவியாளர்களும் உடன் வந்தார்கள்.

அந்த முதல் பத்தாண்டு மரணங்களின் பத்தாண்டு. வாந்திபேதி, வயிற்றுக்கடுப்பு, மலேரியாக் காய்ச்சல் ஆகியவை மிஷனரிகளையும் அவர்கள் மனைவிமாரையும் கைக்குழந்தைகளையும் மாறி மாறிக் கொண்டுபோயின. இதே காலத்தில் 1838இல் புதிதாகத் தொடங்கிய மதுரை இயேசு சபைப் பணியிலும் இளம் பிரெஞ்சுக் குருக்கள் வாந்திபேதியில் சரிந்தார்கள். இரு தரப்பாரும் எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று எழுதினார்கள். அதே கையோடு, குளிர்ந்த இடம் ஒன்று வேண்டும் என்றும் தலைமைக்கு எழுதினார்கள். காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் 1897இல்தான் கண்டுபிடித்தார். காரணத்தைத் தவறாக நினைத்திருந்தாலும் முடிவு சரியாகவே அமைந்தது. மலேரியாக் கொசு பெருகாத அளவுக்குக் குளிர் உள்ள உயரம் உண்மையில் பாதுகாப்பானதே. அமெரிக்கர்கள் முதலில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையைப் பார்த்தார்கள். அந்த மலைக்குப் போதிய உயரம் இல்லை, காய்ச்சல் பின்தொடர்ந்தது. பிறகு பழனி மலைக்கு ஏறி, 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கோடைக்கானல் ஊரின் தொடக்கம் இதுதான். மற்ற மலைவாசஸ்தலங்களை ஆங்கில அதிகாரிகள் உருவாக்கியிருக்க, இந்த ஊரை உருவாக்கியவர்கள் அமெரிக்க மிஷனரிகள்.

ஆக, கோடைக்கானல் பிறந்தது பிறரைக் கவனிக்க அல்ல, பிறரைக் கவனிக்க வந்தவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்ள. இதைச் சொல்வதில் அவர்களுக்குக் குறை எதுவும் இல்லை. படுத்துக் கிடக்கும் வைத்தியரால் யாருக்கும் பயனில்லை. ஆனால் அவர்களை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் கதை எழுதப்படவே இல்லை. திருச்சி–மதுரை ரயில் பாதை 1875இல் வந்தபின் பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் இரவெல்லாம் ஆடி அசைந்து அடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மாநாயக்கன் தோப்பை அடைவார்கள். அங்கிருந்து மலைப்பாதை. நடக்கவோ குதிரையேறவோ முடியாதவர்களுக்கு டோலி. மூங்கில் கழிகளில் கட்டிய நாற்காலியை ஆட்கள் தோளில் சுமந்து, மூச்சு வாங்கும்போது வேறு ஆட்கள் தோள் மாற்றி, பல மணி நேரம் ஏறுவார்கள். காய்ச்சலில் துவண்ட பெண்களும் பிள்ளைகளும் இப்படித்தான் உயிர் பிழைக்க மேலே போனார்கள். மிஷனரிகளின் கடிதங்களில் பாதையின் அழகும் தேவ கிருபையும் இருக்கும், தோள் கொடுத்தவரின் பெயர் இருக்காது. அடிவாரக் காய்ச்சலில் அந்தச் சுமைக்காரர்களும்தான் செத்தார்கள், அவர்களுக்குச் சன்னிசைடு இல்லை. மோட்டார் போகும் லாஸ் காட் சாலை 1914இல் முடிந்த பிறகே டோலி மெல்ல மறைந்தது.

கத்தோலிக்கர் பக்கத்தில் குரு லூயி சேன் சீர் 1860களில் கோடைக்கானலில் சலேத் மாதா கோவிலைக் கட்டினார். ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் நடக்கும் அதன் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்து எல்லா மதத்தாரும் வருவது வழக்கம். இயேசு சபையாரின் செண்பகனூர்க் கல்லூரி 1895இல் எழுந்தது.

மிஷனரிகள் மருத்துவத்தைக் கற்பிக்கும் வேலையில் இறங்கியது கடல் கடந்த முன்மாதிரியைப் பார்த்துத்தான். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்து சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லித் தந்தார். பின்னர், 1860களில், வகுப்பைத் தமிழிலேயே நடத்தி, உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலம் படித்தவன் நகரத்துக்கு ஓடிவிடுவான், தமிழில் படித்தவன் கிராமத்தில் இருப்பான் என்பது அவர் கணக்கு. பழனி மலையைச் சுற்றிய ஊர்களில் அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. திண்டுக்கல்லில் 1859 முதல் பணியாற்றிய எட்வர்டு செஸ்டர் ஒரு மருந்தகத்தை நடத்தி உள்ளூர் உதவியாளர்களைப் பழக்கினார். இதற்குள் வேறு இழப்புகளும் வந்தன. பெரியகுளத்திலிருந்த மிஷனரி டேவிட் காயிட் ஸ்கட்டர் 1862 நவம்பரில் வெள்ளம் ஓடிய வைகையைக் கடக்க முயன்று மூழ்கிப்போனார். 1876–78 பஞ்சம் மதுரை மாவட்டத்தையும் விடவில்லை.

1888இல் மதுரைக்கு வந்த டாக்டர் ஃபிராங்க் வான் ஆலன் ஆல்பர்ட் விக்டர் மருத்துவமனையைக் கட்ட உள்ளூர்ச் செல்வந்தர்களிடமும் ஜமீன்தார்களிடமும் போய் நின்றார். இந்துக்களான அவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். மருத்துவரின் மதத்தைவிட அவர் கையின் திறமையை அவர்கள் எடைபோட்டார்கள் என்று கொள்ளலாம். தருமம் எந்த வாசலில் நடந்தாலும் தருமமே என்ற பழைய சத்திரத்துச் சிந்தையும் அதில் இருந்தது. கோடைக்கானலில் அவர் பெயரால் அமைந்த வான் ஆலன் மருத்துவமனை மலைவாசிகளுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் வைத்தியம் பார்த்தது. மிஷனரிகள் ஓய்வெடுக்கும் ஊர் என்ற நிலை அதனால் சற்று மாறியது.

பெண்களைக் கவனிப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. பிரசவம் மருத்துவச்சியின் கையில் இருந்தது. அவள் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். அவள் அனுபவம் பெரிது, ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தால் செய்யக்கூடியது குறைவு. ஆண் மருத்துவரை உள்ளே விட மாட்டார்கள். பிறர் உடம்பைத் தொடுவதும் மலம், இரத்தம் துடைப்பதும் இழிவான வேலை என்ற எண்ணம் ஊறியிருந்ததால் செவிலியர் வேலைக்கு யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களும் விதவைகளும் ஆதரவற்ற சிறுமிகளுமே.

இந்தச் சிக்கலை முழுதாக எதிர்கொண்டவர் ஐடா ஸ்கட்டர். ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9 அன்று அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த அவர், மிஷனரியாக மாட்டேன் என்று உறுதியாக இருந்தவர். திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பிரசவத்தில் துடிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க அழைத்தார்கள். அவர் மருத்துவர் இல்லை. மருத்துவரான தந்தை வரட்டும் என்றால் அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் விடிவதற்குள் இறந்தார்கள். இரவெல்லாம் ஜெபித்த ஐடா, காலையில் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார். ஜெபம் முடிந்ததும் அவர் தேடிப் போனது மருத்துவக் கல்லூரியை என்பது இந்தக் கதையைச் சொல்வோர் அடிக்கடி கவனிக்கத் தவறும் பகுதி. 1899இல் கார்னல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1902இல் அங்கே மருத்துவமனை, 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. முதல் அணியிலிருந்து 14 பெண்கள் 1922இல் தேறி வெளிவந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் ஜெபம் செய்வது அங்கே வழக்கமானது. கை கழுவுவதும் கருவிகளைக் கொதிக்க வைப்பதும் அதே கண்டிப்போடு நடந்தன.

ஐடாவுக்குக் கோடைக்கானல் கோடைக்காலத்து ஊராகத் தொடங்கி, ஓய்வுக்கால வீடானது. அங்கே ஹில்டாப் என்ற தம் வீட்டில் 1960 மே 24 அன்று இறந்தார். கோடையில் பல நாட்டு, பல சபை மிஷனரிகள் அங்கே கூடியதால் அந்த ஊர் ஒரு பெரிய கலந்துரையாடல் மேடையாகவும் இருந்தது. மிஷனரி வாழ்க்கைக்கு ஒரு விலையும் இருந்தது. சமவெளியில் வேலை பார்த்த பெற்றோரின் பிள்ளைகள் மலையில் விடுதியில் வளர்ந்தார்கள். 1901இல் மார்கரெட் எட்டி 13 பிள்ளைகளோடு ஹைகிளர்க் விடுதிக் கட்டடத்தில் தொடங்கிய பள்ளிதான் பின்னர் கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியானது. ஊரார் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை ஆண்டில் சில மாதங்களே பார்த்தார்கள். பிள்ளைகளை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது அவர்களுக்கு வெறும் வழக்கச் சொல்லாக இருந்திருக்க முடியாது.

இந்திய வாழ்க்கை முறையிலேயே அமைந்த சேவையைக் கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே யோசித்திருந்தார்கள். மருத்துவர் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் 1921இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் அதற்கு முன்னோடி. கதர் உடை, சைவ உணவு, பொது வாழ்வு, அதோடு ஒரு மருத்துவமனை. பழனி மலையடிவாரத்தில் அதே உணர்வோடு 1955இல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனை தொடங்கியது. கேரளத்திலிருந்து வந்த டாக்டர் ஏ. கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் அதைத் தொடங்கியவர்கள். அவர்களின் மனைவியரும் அந்தப் பணியில் சேர்ந்திருந்தார்கள். மழை குறைந்த, முருங்கையும் காய்கறியும் விளையும், பெரிய மருத்துவமனைக்குத் தொலைவான ஊர் அது. குறைந்த ஊதியத்தில் எளிமையாக வாழ்வது குழுவின் ஒழுங்கு. தரியன் கிராம சுகாதாரத்தில் ஊன்ற, ஜேக்கப் செரியன் கண் மருத்துவ முகாம்களுக்குப் பெயர் பெற்று, பின்னர் அருகிலுள்ள அம்பிளிக்கையில் பணியை விரித்தார். கிராமத்துக்கே போய்க் கண்புரையை எடுக்கும் அந்த முகாம்கள், பார்வை போவது விதி என்று ஒப்புக்கொண்டிருந்த முதியவர்களிடம் கண்ணைத் திறந்து காட்டின. மருத்துவமனையோடு செவிலியர் பயிற்சியும் வளர்ந்தது. ஒரு காலத்தில் பலர் பெண்ணை அனுப்பத் தயங்கிய வேலைக்கு இப்போது சுற்றுவட்டாரப் பெண்கள் விரும்பி வந்தார்கள்.

மதுரையில் இதே காலத்தில் டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், கண் முகாம்களை நடத்திவந்தார். ஸ்ரீ அரவிந்தரின் வழியில் நம்பிக்கை கொண்ட அவர் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கிக் கண் மருத்துவ உதவியாளர்களாக்கியது அவர் முறையின் முதுகெலும்பு. தெய்வ நம்பிக்கையை ஒட்டன்சத்திரத்தார் கிறிஸ்துவிடமும் வெங்கடசாமி அரவிந்தரிடமும் வைத்திருந்தாலும், வேலை செய்த விதத்தில் ஒற்றுமை அதிகம். கூட்டம் அதிகமானாலும் தரம் குறையக்கூடாது என்ற பிடிவாதம் இரு தரப்பாரிடமும் இருந்தது.

கோடைக்கானல் மலையில் இந்து பக்தி இதற்கு முன்பே புது வடிவம் எடுத்திருந்தது. இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் 1936இல் குறிஞ்சியாண்டவர் கோவிலைக் கட்டினார். பிறப்பால் வெள்ளையரான அவர் சைவராக மாறியவர். கோவில் நிற்கும் இடத்திலிருந்து வானம் தெளிந்த நாளில் பழனியைப் பார்க்கலாம்.

பழனியில் பழைய சத்திர தருமம் அரசின் ஏற்பாட்டில் தொடர்ந்தது. கோவில்களில் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கி, 2012இல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் சோறு போடும் ஏற்பாடாக விரிந்தது. தைப்பூசத்துக்கு நடந்து வருவோரில் ஒரு பகுதியினர் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகவே பழனி போகிறார்கள். சாலையோரப் பந்தல்களில் சாம்பார் சாதம், மோர், கால் வலிக்குத் தைலம் ஆகியவற்றோடு அரசு மருத்துவ முகாம்களும் அமைக்கப்படுகின்றன. முகாமில் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக் கட்டுகிறார்கள். நடைப் பழக்கமுள்ள முதியவர்கள் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டே கிளம்புகிறார்கள்.